கல்லறைக்குள் தொங்கிய தட்டு

கொத்தனார் கடப்பாரையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றார்.

“உள்ள யாரோ முனகறாங்கம்மா” என்றார்.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் மாமியாரின் சவப்பெட்டி இன்னும் கோயிலுக்குள் இருந்தது. பூசை முடிந்து ஊர்வலம் வருவதற்குள் குடும்பக் கல்லறையின் மேல்கல்லை நகர்த்தி வைக்க வேண்டும். வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. அதனால் நானே முன்னால் வந்து நின்றேன். கூட, என் கணவரோடு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சின்னப்பன்.

துக்கமணி அடிக்க ஆரம்பித்திருந்தது. மணியின் ஓசை தேய்ந்து முடிகிற இடத்தில், கல்லுக்குக் கீழேயிருந்து இன்னொரு ஓசை கிளம்பியது. வாயை மூடிக்கொண்டு யாரோ இழுத்து முனகுவது போல. அடுத்த மணி விழுந்ததும் அது அமுங்கிப் போகும். பிறகு மறுபடி வரும்.

கொத்தனார் வெளியூர்க்காரர். அவருக்கு அது புதிது. எங்களுக்குப் பழக்கம். கல்லறைத் திருநாளுக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள்.

“ஆளு இல்ல மேஸ்திரி, வாத்தியம். நீங்க தூக்குங்க” என்றார் சின்னப்பன்.

சொன்னாரே தவிர, அவர் முகத்திலும் ரத்தம் இல்லை. கல் நகர்ந்தது. ஈரச் சுண்ணாம்பும் பழைய மரமும் கலந்த ஒரு குளிர்ந்த வாடை மேலே வந்தது. உள்ளே ஒரு சின்ன மரப்பெட்டி, நின்ற வாக்கில் இருந்தது.

உடல் வராத சாவு

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது, ஏன் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் பெயர் ரஃபாயேல். பட்டாளத்து பாண்டில் சிம்பல் வாசித்தவர். ஒன்றோடு ஒன்று மோதினால் கடற்கரை முழுக்கக் கேட்குமே, அந்தப் பெரிய வெண்கலத் தட்டு. எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரரை இன்றைக்கும் ‘சொல்தா’ என்றுதான் சொல்வோம். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைவதற்குள் அவரை சைகோனுக்கு அனுப்பிவிட்டார்கள். சண்டை நடக்கிற இடத்தில் பாண்டுக்காரனுக்கு வாசிக்கிற வேலை குறைவு. அடிபட்டவர்களைத் தூக்கிச் சுமக்கிற வேலைதான் அதிகம்.

இந்தியாவுக்கு விடுதலை வந்த மறு வருஷம் எங்களுக்குத் தந்தி வந்தது. ஆற்றைக் கடக்கும்போது படகின்மேல் குண்டு விழுந்தது, உடல் கிடைக்கவில்லை என்று இருந்தது.

என் மாமியார் அழவில்லை. எனக்கு வெள்ளைச் சேலை கொடுக்கவும் விடவில்லை. ஒரு நகமாவது வந்து சேர்ந்தால்தான் அது சாவு, அதுவரைக்கும் பூசை கிடையாது என்று சொல்லிவிட்டார். பங்குச் சாமியார் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார். அத்தை அசையவில்லை. மகன் வருவான் என்று தினமும் ஒரு தட்டு சோற்றை மூடி வைப்பார். மறுநாள் அதில் தண்ணீர் ஊற்றி அவரே சாப்பிடுவார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம்தான் சைகோன் சண்டையும் முடிந்தது. சொல்தாக்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். ஒரு நாள் மத்தியானம், தாடையில் தழும்போடு ஒரு மனிதர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர்தான் சின்னப்பன். ராணுவக் கம்பளியில் சுற்றிய ஒன்றை அத்தையின் மடியில் வைத்தார். ஒற்றைச் சிம்பல்.

“அவனோடது” என்று மட்டும் சொன்னார்.

ஆறு வருஷத்து அழுகையை அத்தை அன்றைக்கு அழுதார். அந்தத் தட்டை யாரையும் தொட விடவில்லை, என்னையும்கூட. தேக்கில் ஒரு பெட்டி செய்யச் சொன்னார். அதற்குள் தட்டை அதன் தோல்வாரிலேயே தொங்க விடச் சொன்னார். படுக்க வைத்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டுமாம். சாமியார், செத்தவன் பேருக்குத்தான் என் ஆசீர்வாதம், பெட்டிக்குள் நீங்கள் எதை வைக்கிறீர்களோ அது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டு ஜெபம் படித்தார். கல்லில் ரஃபாயேலின் பெயரைச் செதுக்கினார்கள். நான் விதவையானேன்.

அடுத்து வந்த கல்லறைத் திருநாளில்தான் முதலில் கேட்டது. மணி அடித்ததும் கல் முனகியது. கூட்டம் விலகி நின்றது. அத்தை மட்டும் ஓடிப்போய்க் கல்லின்மேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டார். பிறகு வாரத்துக்கு இரண்டு நாளாவது கோயிலின் மத்தியான மணி அடிக்கிற நேரத்துக்குப் போய் உட்கார்ந்து, வீட்டுச் சங்கதி முழுக்கப் பேசிவிட்டு வருவார். காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட உண்டானார்கள்.

சின்னப்பன் அடிக்கடி வந்து ஒத்தாசை செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் அத்தையிடமே என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். அத்தை கோபப்படவில்லை. மறுநாள் மத்தியானம் என்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போய், என் உள்ளங்கையைப் பிடித்துக் கல்லின்மேல் அழுத்தினார். மணி அடித்தது. கல் சூடாக இருந்தது. அதற்கடியில் எறும்பு ஊர்வது போல ஒரு நடுக்கம் என் கைக்குள் ஏறியது.

“கேக்குதா? இது பேசுற வரைக்கும் நீ எம்புள்ள பொண்டாட்டி” என்றார் அத்தை.

நான் கையை எடுத்துக்கொண்டேன். அப்புறம் பல நாள் அந்தக் கையால் பிசைந்த சோறு எனக்கு இறங்கவில்லை.

முத்திரைகள்

இதற்கு நடுவில் நான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் காதர் பாயின் வாத்தியக் கடை. அவர்கள் குடும்பம் தலைமுறையாகப் பித்தளை வியாபாரம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் காலி செய்தபோது பாண்டு வாத்தியங்களும் கிளப்பு வாத்தியங்களும் மூட்டையாக விலைக்கு வந்தன. வாங்கிப் போட்டுவிட்டார். எது என்ன, எங்கே செய்தது என்று பிரெஞ்சு படித்த ஒரு ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. நான் கன்னியர் பள்ளியில் படித்தவள்.

ஒரு சிம்பலின் வயசைச் சத்தத்தில் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் காது இல்லை. நான் முத்திரையைப் பார்ப்பேன். செய்தவன் தன் பெயரையும் ஊரையும் உருக்கு அச்சில் பொறித்துச் சுத்தியலால் ஓங்கி அடித்திருப்பான். விற்க வருகிறவர்கள் தட்டைப் பழசாகக் காட்டப் புளிபோட்டுத் தேய்ப்பார்கள், ஈர மணலில் புதைத்துப் பச்சை பிடிக்க வைப்பார்கள். மையில் எழுதியது போய்விடும். அச்சில் அடித்தது போகாது. விரலால் தடவினாலே தெரியும்.

துருக்கித் தட்டு என்றால் பிறையும் நட்சத்திரமும் மேலே அரபி எழுத்தும் இருக்கும். காதர் பாய் அதை எழுத்துக் கூட்டி வாசிப்பார். எழுத்து எங்களுது, பேச்சு அவங்களுது, ஒண்ணும் வெளங்கல என்று சிரிப்பார். கீழே இங்கிலீஷ் எழுத்தில் ஊர் பெயர். அந்தப் பட்டணத்தின் பழைய பெயர் இருந்தால் அது முந்தின தலைமுறைத் தட்டு. இஸ்தான்புல் என்று இருந்தால் பெயர் மாறிய பிறகு வந்தது. பாரிஸ் தட்டுகளில் பட்டறை இருந்த தெருவின் பெயர்கூட இருக்கும். பட்டறை தெரு மாறினால் முத்திரையும் மாறும்.

ஜெர்மன் தட்டு இன்னும் சுலபம். இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தியது என்றால் வெறும் ஜெர்மனி. தோற்ற பிறகு, எந்த நாட்டுப் பட்டாளம் அந்தப் பக்கத்தைப் பிடித்து வைத்திருந்ததோ அதன் பெயர் சேர்ந்திருக்கும். அப்புறம் நாடு இரண்டாகிவிட்டது. மேற்கு ஜெர்மனி என்று அடிக்க ஆரம்பித்தார்கள்.

கடையில் தட்டுகளைக் கொக்கியில் வரிசையாகத் தொங்க விட்டிருப்போம். தெருவில் சைக்கிள் மணி அடித்தால் ஏதாவது ஒன்று உள்ளே பதில் சொல்லும். ஒரு மணிக்கு ஒரு தட்டுதான் பேசும், மற்றவை சும்மா இருக்கும். காதர் பாய் தும்மினால் மூலையில் இருக்கும் டிரம்மின் அடிக்கம்பி சலசலக்கும். மத்தியானம் கடையில் தனியாக இருக்கும்போது முதலில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறகு புரிந்துவிட்டது, தன் சுருதிக்கு ஒத்த ஓசை காற்றில் வந்தால் தட்டு தானாக அதிரும். கல்லறைக்குள் முனகுவதும் இதேதான் என்றும் புரிந்தது. புரிந்ததால் அத்தை அழுத்திப் பிடித்த அந்தக் கையின் நடுக்கம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

இல்லாத நாடு

இனி அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

அத்தையின் பெட்டிக்கு இடம் வேண்டும் என்று மரப்பெட்டியை மேலே எடுத்து வைத்தார்கள். அதன் கதவு உளுத்துப்போய்த் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே தட்டு, தோல்வாரில், மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பாசி போலப் பச்சை பிடித்திருந்தது.

அது என் கைக்கு வந்தது அன்றைக்குத்தான் முதல் முறை. கடைப் பழக்கம், முந்தானையால் விளிம்பைத் துடைத்தேன். விரலில் முத்திரை தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் துடைத்தேன். இங்கிலீஷ் எழுத்து. வட்டமாக அடித்திருந்தது. வாசித்தேன். தட்டைத் திருப்பி வெயிலில் பிடித்து மறுபடியும் வாசித்தேன்.

மேற்கு ஜெர்மனியில் செய்தது.

ரஃபாயேல் ஆற்றில் போன வருஷம் அப்படி ஒரு நாடே கிடையாது. அது உண்டானது அடுத்த வருஷம். தட்டு அதற்கும் பிந்தி எத்தனை வருஷமோ.

ஊர்வலம் வாசலுக்கு வந்துவிட்டது. பாட்டுச் சத்தம் கேட்டது. அத்தையின் பெட்டியை இறக்கினார்கள். எல்லாம் முடிந்து மேல்கல்லை மூடும் முன் கொத்தனார் மரப்பெட்டியைக் காட்டினார். அது உள்ளே போக வேண்டாம், நான் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றேன். சுற்றியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கிழவி குழியில் இறங்கின உடனே மருமகள் ஆரம்பித்துவிட்டாள் என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

சின்னப்பன் மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

ஒரு முதுகு

வீட்டில் நான் தனி. தட்டைக் கூடத்து ஆணியில் மாட்டினேன். வேறு எங்கே வைப்பது? மத்தியான மணிக்கு அது முனகியது. கல்லுக்குக் கீழே இருந்தபோது அடங்கிக் கேட்ட சத்தம், கூடத்தில் சுத்தமாக, நீளமாகக் கேட்டது. நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றுவிட்டேன்.

செத்தவன் வந்து நிற்பான் என்று நான் பயப்படவில்லை. உயிரோடு வருவானோ என்பதுதான் என் பயம். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கட்டின புருஷன் உயிரோடு இருக்கலாம் என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? இவ்வளவு வருஷமாக ஒருவன் எங்கேயோ சாப்பிட்டு, தூங்கி, சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறான். இங்கே அவன் அம்மா கல்லின்மேல் படுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் அவன் முகம் எப்படி இருக்கும்?

ஒரு நாள் பெரிய மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒரு முதுகு. இடது தோளைக் கொஞ்சம் தூக்கி நடக்கிற நடை. கனமான தட்டைத் தூக்கித் தூக்கி ரஃபாயேலுக்கு வந்த நடை அது. கீரையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். பூக்கடை வரிசை, கறிக்கடை, கடைசியில் மீன் விற்கும் இடம். தரை முழுக்கச் செதிலும் தண்ணீரும். அந்த ஆள் ஒரு கூடைமுன் குனிந்தார். நான் ஓரடி தள்ளி நின்றேன். அவர் தானாகத் திரும்பினார். யாரோ ஒருவர், அம்மைத் தழும்பு முகம். என்னம்மா வேணும் என்று கேட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். காதர் பாய் கடையிலிருந்த ஜெர்மன் தட்டுகளை எடுத்துப் பக்கத்தில் பரப்பினார். வெறும் ஜெர்மனி ஒன்று. பட்டாளத்தின் பெயர் போட்டது ஒன்று. மேற்கு ஜெர்மனி ஒன்று. கடைசித் தட்டின் முத்திரையும் எங்கள் தட்டின் முத்திரையும் ஒரே அச்சு.

“ரெண்டுல ஒண்ணும்மா. ஆளு சாவல. இல்லன்னா தட்டு ஆளோடது இல்ல. கொண்டாந்தவரு உசுரோடதான இருக்காரு, போய்க் கேளுங்க” என்றார்.

கருவடிக்குப்பத்தில்

சின்னப்பன் கருவடிக்குப்பத்தில், தென்னை ஓலை வேய்ந்த ஒரு வீட்டில் தனியாக இருந்தார். நான் போனபோது மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். என் கையில் பை இருப்பதைப் பார்த்ததும் உதறுவதை நிறுத்திவிட்டார்.

முத்திரையைக் காட்டினேன். அந்த நாடு எப்போது உண்டானது என்று சொன்னேன். அவர் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். பிறகு, திண்ணமாக ஒரு முடிவுக்கு வந்தவர் போல, மாட்டின் முதுகில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

“நான் வாங்கினது.”

கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் வாங்கினாராம். ரஃபாயேலின் அம்மா உடம்புக்காகக் காத்திருக்கிறார் என்று ஊரிலிருந்து வந்த ஆட்கள் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். வெறுங்கையோடு அந்த வாசலில் நிற்க அவருக்குத் துணிவு வரவில்லை. படகில் இருந்தவர்களில் பிழைத்தவர் அவர் ஒருவர்தான். சைகோனில் பழைய வாத்தியங்கள் விற்கிற ஒரு சீனர் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தது ஒரே ஒரு சிம்பல். கடைக்காரர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர்க்காரன் ஒருவன் விட்டுப்போனதுதான் என்று பிரெஞ்சில் சொன்னாராம். வியாபாரத்துக்குச் சொல்கிறார் என்று இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அந்தம்மாவுக்கு ஒரு சாவு குடுக்கணும்னு நெனச்சேன். அது இப்படிப் பேசும்னு எனக்கு இன்னா தெரியும்” என்றார்.

அவன் செத்ததைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“தண்ணிக்குள்ள போனதப் பாத்தேன்” என்றார். “மேல வந்ததப் பாக்கல.”

எனக்கு அது போதுமாக இருந்தது. தலையிலிருந்த பாரம் இறங்கியது போல அங்கேயே வைக்கோல்மேல் உட்கார்ந்துவிட்டேன். அது யாரோ ஒருவருடைய தட்டு. ஒரு அந்நியத் தட்டின் முன்னால்தான் அத்தை பேசினார், நான் நடுங்கினேன். சின்னப்பனை நான் திட்டவில்லை. வரும்போது, கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதுவரை அவர் என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. அன்றைக்குத்தான் பிலோமினா என்று சொல்லிப் பார்த்தார்.

தோலுக்கு அடியில்

தட்டை விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். மறுநாள் கடையில் காதர் பாய் அதைச் சுத்தம் செய்யச் சாமான்களை எடுத்து வைத்தார். தோல்வார் மட்கியிருந்தது, புதுசு போட வேண்டும். சிம்பலின் நடுவில் குமிழ் போல ஒரு மேடு இருக்கும். அதன் ஓட்டை வழியாக வாரைக் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போட்டிருப்பார்கள். முடிச்சு உலோகத்தில் உரசாமல் இருக்க வட்டமாக ஒரு தோல் துண்டு.

காதர் பாய் முடிச்சை அறுத்தார். தோல் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி முனையால் நெம்பினார். ஈரமும் பச்சையும் அங்கே போகவில்லை. செய்த அன்றைக்கு இருந்தது போல ஒரு சின்ன வட்டம் பளபளத்தது. அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

ஆணியால் கீறிய ஒரு தமிழ் எழுத்து. ‘பி’.

பட்டாளத்தில் எல்லோருடைய தட்டும் கரண்டியும் பெல்டும் ஒன்றுபோலவே இருக்கும். தொலையாமல் இருக்க ஆளுக்கொரு அடையாளம் போட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் தங்கள் பெயரைப் போடுவார்கள். ரஃபாயேல் என் பெயரின் முதல் எழுத்தைப் போடுவார். லீவில் வந்தபோது கரண்டியின் பின்பக்கத்தைக் காட்டிச் சிரித்திருக்கிறார். மேல்வளைவைச் சுழித்து, முடிக்கிற இடத்தில் கீழே வால் போல இழுத்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் அதற்கு அடி வாங்கியதாகச் சொல்வார். அந்த வால் இதில் இருந்தது.

காதர் பாய் ஸ்டூலை நகர்த்தி என்னை உட்கார வைத்தார்.

சின்னப்பனை வரச்சொல்லி ஆள் அனுப்பினோம். அவர் வந்து குனிந்து பார்த்தார். நீங்கள்தானே கீறினீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது எனக்கு. சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

“முடிச்ச நான் அவுக்கவே இல்ல. வாங்கினது வாங்கினபடி கொண்டாந்தேன்” என்றார்.

சொல்லிவிட்டுத் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். படகு கவிழ்ந்தபோது ரஃபாயேலின் சட்டையை அந்தக் கையால்தான் பிடித்திருந்தாராம். சட்டை கிழிந்து வந்துவிட்டதாம். இத்தனை வருஷமும் எங்களிடம் சொல்லாததை அன்றைக்கு, காதர் பாய் கடையில், தட்டுகளுக்கு நடுவில் சொன்னார்.

செத்துப்போனதாக எங்களுக்குத் தந்தி வந்த பிறகு பிறந்த ஒரு நாட்டில் செய்த தட்டு. அதை வாங்கி, என் எழுத்தைக் கீறி, வாசித்து, ஒரு நாள் சீனர் கடையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். என்னை மறக்கவில்லை. திரும்பியும் வரவில்லை. இதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

காத்திருந்தது

சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் தட்டைக் கையில் வாங்கவில்லை. அரசாங்கம் செத்துவிட்டதாக எழுதிவிட்டது, கோயிலும் பூசை வைத்துவிட்டது, ஆனால் நீங்கள் வந்து சொன்னதை நான் கேட்கவில்லை என்று ஆக்க முடியாது என்றார். ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்னார். உயிரோடு இருந்தால் ஆண்டவர் கூட்டிக்கொண்டு வருவார் என்றார்.

சைகோனிலிருந்து வந்த சொல்தா ஒவ்வொருவரையும் சின்னப்பன் தேடிப் போய் விசாரித்தார். காலாப்பட்டில் ஒருவர், அங்கே ஆற்றோரச் சாராயக்கடை ஒன்றில் தமிழ்ப் பேச்சுக் கேட்டதாகச் சொன்னார். ஆள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பிரெஞ்சு அலுவலகத்தில் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு, இறந்தவர்தானே என்றார்கள்.

யாரும் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து, காலைப் பூசைக்குப் பிறகு, கூட்டம் இல்லாமல் எங்கள் கல்யாணம் நடந்தது. காதர் பாய் கோயில் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்று, நாங்கள் வந்ததும் தலையை ஆட்டிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டார்.

தட்டை மெட்ராஸ் பாண்டுக்காரர் ஒருவர் வாங்கினார். அதன் கதை முழுவதையும் காதர் பாய் அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, சத்தம் நல்லா இருக்கு, போதும் என்றாராம். அவர் சினிமாப் பாட்டுக்கு வாசிப்பவர். ரேடியோவில் ஏதாவது ஒரு பாட்டின் நடுவே சிம்பல் சத்தம் நீளமாக ஓடினால் சின்னப்பன் எழுந்துபோய் அதை நிறுத்திவிடுவார். நான் ஏன் என்று கேட்டதில்லை.

ஊர் முழுசாக இந்தியாவோடு சேர்ந்த சமயம் பிரான்சுக்குப் போக விரும்புகிறவர்கள் போகலாம் என்றார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் கிளம்பினார்கள். சொல்தா என்பதால் சின்னப்பனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. நான்கூடக் கொஞ்சம் ஆசைப்பட்டேன். சைகோனிலிருந்து எத்தனையோ பேர் பிரான்சின் மார்செய்க்குப் போயிருக்கிறார்கள் என்றார் அவர். கப்பலை விட்டு இறங்கும்போது துறைமுகத்தில் முதல் ஆளாக அவனே நின்றால் என்ன செய்வது என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நாங்கள் போகவில்லை.

நல்ல மனிதர். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டதும் உண்டு, சிரித்ததும் உண்டு. இரண்டு பிள்ளைகளை வளர்த்தோம். ஒன்றே ஒன்றைத்தான் அவர் கடைசிவரை எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. வாசலில் யார் வந்து கதவைத் தட்டினாலும் அவர்தான் போக வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கை கழுவாமல் எழுந்து போவார். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, யாரு என்று கேட்பார். வெளியிலிருந்து குரல் வரும்வரை திறக்கமாட்டார். பால்காரரோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ ஏதாவது சொல்வார்கள். அப்போது அவர் தோள் இறங்குவதை நான் அடுப்படியிலிருந்து பார்ப்பேன்.

அவர் படுத்த படுக்கையான பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. ஒரு நாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிருந்த நேரம் அது.

“மொதல்ல கொரலக் கேளு” என்றார்.